பறவை எண்ணெய்

ஜாரட் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினான். ரொட்டி ஒரு துண்டு வாட்டி, வெஜிமைட் தடவி, பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றான். கத்தியைக் கழுவினான். முகம் மழித்தான். அலமாரியின் இடது இழுப்பறையைத் திறந்து காலுறை எடுத்துப் போட்டுக்கொண்டான். வலது இழுப்பறையைத் திறக்கவில்லை. பின்வாசலில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, சிலந்தி இல்லை என்று பார்த்து மாட்டினான். பதினெட்டு நிமிடம் கார். ஏழு மணிக்குக் கசகசா வயல். பதினான்கு மாதமாக இதே வரிசை.

அன்று பூட்ஸைத் தட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாமியார் கோரலி.

“பேரு குடுத்துட்டேன்” என்றாள், எடுத்த எடுப்பில்.

“எதுக்கு?”

“இடுப்புக்கு. அடுத்த மாசம் பதினொண்ணாந் தேதி. காலைல அறுத்து மாத்திட்டு சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். கார் டயர் மாத்துற மாதிரி.”

“நல்லது.”

“வீட்டுல ஒரு ஆள் கூட இருக்கணுமாம். மொதல் மூணு நாள். இல்லாட்டி சேத்துக்க மாட்டாங்களாம். உன் பேர எழுதிட்டேன்.”

முடியாது என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜாரட் பூட்ஸுக்குள் பார்த்தான். சிலந்தி இல்லை.

“கேட்டுட்டு எழுதியிருக்கலாம்” என்றான்.

“கேட்டா நீ யோசிப்ப. உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. மருமகன்னு எழுதினேன். சரிதான?”

அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

வேறு பெயர் எழுத அவளுக்கு ஆள் இல்லை. ஒரே அண்ணன், அவன் ஃபிளிண்டர்ஸ் தீவில். ஒரே மகள் டீகன். டீகனைத்தான் ஜாரட் கட்டியிருந்தான். நெட்பால் ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு அறுந்து, காலையில் போய் மாலையில் திரும்பும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். ஆறாம் நாள் காலை, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிக் குளியலறைத் தரையில் செத்துப்போனாள். முப்பத்தொரு வயது. அவளுடைய படிவத்திலும் துணையாள் என்ற கட்டத்தில் ஜாரட் பெயர்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஆபரேஷனுக்கு முன்பு நடத்தும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஆறு கிழடுகள், ஆளுக்கொரு துணை, நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். டேன் என்ற பிசியோதெரபிஸ்ட் பிளாஸ்டிக் இடுப்பு ஒன்றைச் சுற்றுக்கு விட்டான். கைமாறிக் கைமாறி ஜாரட்டிடம் வந்தபோது அந்தப் பந்தும் கிண்ணமும் ஈரமாக இருந்தன. யாருடைய வியர்வையோ. அவன் அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

டேன் விதிகளைச் சொன்னான். கால்மேல் கால் போடக்கூடாது. குனிந்து எதையும் எடுக்கக்கூடாது. தாழ்ந்த நாற்காலி ஆகாது. காலில் ரத்தம் கட்டாமலிருக்க, தொடைவரை இறுகிப் பிடிக்கும் காலுறை இரண்டு காலிலும் இருக்க வேண்டும். நாளைக்கு ஒருமுறை, குளிக்க மட்டும் கழற்றலாம். காயம் ஆறும்வரை தோலில் கிரீம், எண்ணெய் எதுவும் படக்கூடாது.

“பறவ எண்ணெய்?” என்று கேட்டாள் கோரலி.

“அதுவும் எண்ணெய்தான் கோரலி.”

“மட்டன்பேர்ட் எண்ணெய் வேற. அது மருந்து.”

எதிர்வரிசைக் கிழவர் ஒருவர் சிரித்தார். “எங்கம்மா அதத்தான் தடவுவா. எங்க நாய்கூட அவ பக்கத்துல படுக்காது.”

“உங்க நாய்க்கு என்னய்யா தெரியும்?” என்றாள் கோரலி. “என் மக கடைசியாச் சொன்னதே அதப் பத்தித்தான். அம்மா தடவுன எண்ணெய்ல காலு எதமா இருக்குன்னு. அதுதான் அவ பேசுன கடைசிப் பேச்சு. இந்தா, இவன் கூடவே இருந்தான். கேளுங்க.”

கூடத்தில் எல்லோரும் ஜாரட்டைப் பார்த்தார்கள். பார்வையில் இரக்கம் இருந்தது. பிஸ்கட் தூள் ஒட்டிய வாய்களோடு இரங்கினார்கள்.

ஜாரட் தலையசைத்தான்.

டீகன் அப்படிச் சொல்லவில்லை. அவள் செத்த அன்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து கோரலி, கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னான். அதை அவள் அடக்கத்தன்று மைக்கில் சொன்னாள். கசாப்புக்கடையில் சொன்னாள். இப்போது ஆறு இடுப்புகளுக்கு நடுவில் சொல்கிறாள். உண்மையில் டீகன் என்ன சொன்னாள் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது அவனோடு போகட்டும் என்றிருந்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரக் கடைசியில் கோரலியின் வீட்டைத் தயார் செய்யப் போனான். தரைவிரிப்புகளைச் சுருட்டினான். கட்டிலுக்கடியில் நான்கு கட்டை வைத்து உயர்த்தினான். மருந்துக்கடையில் வாடகைக்கு எடுத்த கக்கூஸ் உயர்த்தியை மாட்டினான். கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அடிப்பக்கம் வெடிப்பில் யாருடையதோ பழுப்பாய் ஒட்டிக் காய்ந்திருந்தது. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தான். பிறகு பல்துலக்கியைக் குப்பையில் போட்டான். கையுறையையும் போட்டான்.

கால் நகம் வெட்ட வேண்டும் என்று வகுப்பில் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. கோரலியால் இரண்டு வருடமாகக் குனிய முடியவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஈரச் சிமெண்டில் நின்ற கால்கள். நகங்கள் மஞ்சளாகத் தடித்து, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டிருந்தன. அவன் வாளியில் வெந்நீர் வைத்து ஊறவிட்டு, தோட்டத்துக் கத்தரியால் வெட்டினான். ஒரு துண்டு தெறித்து அவன் உதட்டில் பட்டது. எழுந்து போய் வாய் கொப்பளித்து வந்தான்.

“அவ்வளவு மோசமா இருக்கா?” என்றாள்.

“ஆமா.”

“பொய் சொல்லத் தெரியாத பய நீ.”

படுக்கைக்குப் பக்கத்தில், தக்காளி சாஸ் பாட்டிலில், எண்ணெய் இருந்தது. அண்ணன் வருடா வருடம் ஃபிளிண்டர்ஸ் தீவிலிருந்து அனுப்புவான். மட்டன்பேர்ட் என்ற கடற்பறவையின் கொழுத்த குஞ்சைப் பொந்திலிருந்து இழுத்து, தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் வாய்வழியாக வடியும் எண்ணெய். தேன் நிறம். மூடியைத் திறக்காமலே நாறும்: கெட்டுப்போன மீன், ஈரக் கம்பளி, அடியில் ஏதோ ஒரு இனிப்பு. ஜாரட் மூச்சை அடக்கிக்கொண்டு அதை எடுத்துப் போய்த் துணி துவைக்கும் அறையின் மேல்தட்டில் வைத்தான். பின்பு வெளியே போய் எலுமிச்சை மரத்தடியில் வாந்தி எடுத்தான். அவன் உடம்பு பல மாதமாக எதற்கும் அசையவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை. இந்த நாற்றத்துக்கு மட்டும் ஓடி வந்து பதில் சொல்லியது.

“தடவ மாட்டேன். சத்தியம்” என்று உள்ளிருந்து கத்தினாள் கோரலி. “நீ அங்க மரத்துக்கு என்ன ஊத்துற?”

பதினொன்றாம் தேதி காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இளஞ்சிவப்புக் கிருமிநாசினிச் சோப்பில் இரண்டு இரவும் ஒரு காலையும் குளித்து, கோரலி நீச்சல்குளம் மாதிரி மணத்தாள். பொய்ப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி ஜாரட்டிடம் கொடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தான். பதினொன்றே முக்காலுக்கு, நல்லபடியாக முடிந்தது என்று போன் வந்தது. இரண்டு மணிக்கு அவளை நிற்க வைத்தார்கள். மூன்று மணிக்கு டேன் அவளை மரப்படி மூன்றில் ஏற்றி இறக்கினான். கெட்டவார்த்தை சொல்லிக்கொண்டே ஏறினாள். சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

ஒன்று மட்டும் பாக்கி. ஒண்ணுக்கு இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். முதுகில் போட்ட மரத்துப்போகும் ஊசி, மூத்திரப்பையையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடும். கக்கூஸில் அளவு போட்ட பிளாஸ்டிக் சட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கோரலி அரைமணி நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து கையை நீட்டினாள்.

“அந்த ஆப்பிள் ஜூஸ இப்பிடிக் குடு.”

“குடிக்கவா?”

“சட்டிக்குடா, மடையா. ஊத்துனா யாருக்குத் தெரியப் போகுது? கலரு ஒண்ணுதான். யாரும் ருசி பாக்க மாட்டாங்க.”

ஜாரட் ஜூஸ் டப்பாவைப் பார்த்தான். பெண்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. அந்தக் கையால் மணியை அழுத்தினான்.

நர்ஸ் ப்ரூ வந்தாள். “என்ன கோரலி, வந்துச்சா?”

“வரல. ஜூஸ ஊத்தச் சொல்றாங்க” என்றான் ஜாரட்.

“இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆள்” என்று ப்ரூ சிரித்துவிட்டு, சத்தம் கேட்டாவது வரட்டும் என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

“காட்டிக் குடுத்துட்டான் பாரு” என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல். “பல்லு உன் பையில இருக்கு, இல்லன்னா இப்பக் கடிச்சிருப்பேன்.”

முக்கால்மணி கழித்து வந்தது. ப்ரூ சட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அளவு எழுதினாள். கொஞ்சம் கலங்கலாக, கொழகொழவென்று இருந்தது. ஜாரட் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பார்த்தான்.

வீடு திரும்பும்போது சாலையின் இரு பக்கமும் கசகசா பூத்திருந்தது. வேலிக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக, மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகைகளோடு. ஜாரட் பார்த்துக்கொள்ளும் வயல்கள்.

“எனக்குக் குடுத்த வலி மாத்திர இதுலேர்ந்துதான் வருதா?”

“ஆமா.”

“பலே” என்று சொல்லிவிட்டுக் கோரலி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். ஓரத்தில் எச்சில் வடிந்தது.

முதல் நாள் அவள் அழவில்லை. இரண்டாம் நாள் அழுதாள். வீங்கிய தொடை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. காயத்தின்மேல் ஒட்டிய நீளப் பிளாஸ்திரிக்கு அடியில் ரத்தம் கறுத்துத் திட்டாகத் தெரிந்தது. அதைப் பிரிக்கவே கூடாது, இரண்டு வாரம் கழித்து அவர்களே பிரிப்பார்கள் என்று உத்தரவு. காலை மாலை ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. ஐஸ் பொட்டலம். வாக்கரைப் பிடித்துக் கொல்லைவரை பத்து நடை. காலுறையைக் கழற்றி, காலை ஈரத்துணியால் துடைத்து, குதிகாலில் புண் இல்லையா என்று பார்த்து, மறுபடி இழுத்து மாட்ட இருபது நிமிடம் ஆகும். கழற்றும்போது செத்த தோல் மாவு மாதிரி உதிர்ந்து அவன் மடியில் விழும். எழுந்து உதறிக்கொள்வான்.

ஒவ்வொரு முறையும் கெண்டைக்காலை விரலால் அழுத்திப் பார்த்தான். சூடு இருக்கிறதா, சிவந்திருக்கிறதா.

“எத்தன வாட்டி அமுக்குவ? கெழங்கு வெந்துச்சான்னு பாக்குற மாதிரி” என்றாள்.

மூன்றாம் நாள் பிரச்சினை வேறு. அவனுடைய வயலிலிருந்து வந்த மாத்திரை அவள் குடலை அடைத்துவிட்டது. பக்கத்துவீட்டு ஷெரில் சீஸும் டப்பா மீனும் போட்ட மக்ரோனி ஒரு தட்டு கொண்டுவந்து வைத்திருந்தாள். மேலே ஆடை கட்டி, ஓரம் காய்ந்துபோயிருந்தது. கோரலி அதைப் பார்த்துவிட்டு, உள்ள இருக்கறது போகட்டும் மொதல்ல என்றாள். ஜாரட் உலர்ந்த பிளம் பழத்தை வேகவைத்துக் கொடுத்தான். கறுப்பாக, தோல் சுருங்கி, சாற்றில் மிதந்தன. போனில் நர்ஸ் சொன்னபடி, ஆசனவாயில் வைக்கும், வெள்ளித்தாளில் சுற்றிய மருந்துக் குச்சியைக் கையுறை போட்டுக் கதவிடுக்கு வழியாக நீட்டினான். உள்ளே முனகலும் திட்டும் கேட்டன. ஒரு மணிநேரம் கழித்து வீடே அதிரக் கூப்பிட்டாள்.

“ஜாரட்! ஜெயிச்சாச்சு!”

இரவு கக்கூஸ்வரை நடக்க முடியாது என்று படுக்கைக்குப் பக்கத்தில் வாளி வைத்த நாற்காலி இருந்தது. அதில்தான் உட்கார்ந்திருந்தாள். வாளியை அவன்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். கொட்டினான். மூக்கைப் பிடிக்க ஒரு கை மிச்சமில்லை.

“நீ பேரப்புள்ள பெத்துக் குடுத்து, நான் அதுக்குக் கழுவிவிட்டிருக்கணும்” என்றாள் கோரலி, அவன் காலி வாளியோடு திரும்பி வந்தபோது. “எல்லாம் தலைகீழாப் போச்சு.”

ஜாரட் வாளியில் கிருமிநாசினி ஊற்றிக் குலுக்கினான்.

படிவப்படி அவன் அன்றே போயிருக்கலாம். மூன்று நாள் முடிந்தது. போகவில்லை. ஆறாம் நாள் தாண்டட்டும் என்று நினைத்தான், அவளிடம் சொல்லவில்லை. அவளும் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வயலில் பூஞ்சை. இரண்டு மணிநேர வேலை. கோரலியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீரும் போனும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனான். இலையைத் திருப்பித் திருப்பிச் சாம்பல் பூத்த அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொன்றரைக்குத் திரும்பினான்.

வாசலிலேயே தெரிந்துவிட்டது.

கெட்ட மீன். ஈரக் கம்பளி. அந்த இனிப்பு.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போனான்.

கோரலி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முகத்தில் நான்கு நாளில் பார்த்திராத ஒரு நிம்மதி. இரவுச் சட்டை தொடைவரை ஏறியிருந்தது. கையில் காலி இருமல் மருந்துக் குப்பி. மேல்தட்டில் அவன் ஒளித்துவைத்த சாஸ் பாட்டிலைத் தவிர, கவுன் பையில் இன்னொன்று இருந்திருக்கிறது. குனிய முடியாது என்பதால் காலுறையின் மேல் விளிம்பை விரலால் விரித்து, குப்பியை உள்ளே கவிழ்த்திருக்கிறாள். வெள்ளைக் காலுறை தொடையிலிருந்து கணுக்கால்வரை நனைந்து மஞ்சளாய் ஒட்டிக் கிடந்தது. கைக்கு வந்த மிச்சத்தைத் தொடைக் கறுப்பின்மேல் தேய்த்திருக்கிறாள். பிளாஸ்திரியின் ஒரு ஓரம் எண்ணெயில் பசைவிட்டு, ஈரத் தாள் மாதிரி எழும்பி நின்றது.

“என்ன செஞ்சீங்க?”

கண்ணைத் திறந்தாள். “அரிச்சு உயிரு போச்சு. இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு. கத்தாத.”

“கத்தல.”

அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். ப்ரூதான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னான்.

“பறவ எண்ணெயா? கடவுளே. பிளாஸ்திரியத் தொடாதீங்க. ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க, நாங்க மாத்துறோம். முட்டிக்குக் கீழ சோப்புப் போட்டுத் தொடைச்சிட்டு வேற காலுறை போட்டுடுங்க. காலுறை இல்லாம மட்டும் விட்டுடாதீங்க.”

வாளி, சோப்பு, துணி, புதுக் காலுறை எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். ஊறிப்போன காலுறையை உருட்டி இறக்கினான். கையெல்லாம் வழுக்கியது. நகக்கண்ணுக்குள் போனது. கெண்டைக்கால் வெளியே வந்தது: வெளிறி, பளபளத்து, உரித்த கோழி மாதிரி. மூக்கால் மூச்சுவிடாமல் வாயால் விட்டான். அப்போது வாயில் அந்த ருசி இறங்கியது.

துடைத்தான். அழுத்திப் பார்த்தான். சூடில்லை. புதுக் காலுறையை எடுத்தான்.

கோரலி வாக்கரைக் குறுக்கே இழுத்துக் காலுக்கு முன்னால் வைத்தாள்.

“அது வேணாம். இப்பிடியே இருக்கட்டும்.”

“போடணும்.”

“நாலு நாளா மொறையா மாத்திர முழுங்குறேன். நீ சொல்றப்ப நடக்குறேன், சொல்றப்பப் பேளுறேன். காலு என்னுது. இந்த எளவு வேணாம்.”

“கோரலி, காலை நீட்டுங்க.”

“ஒனக்கு இந்த வாசன புடிக்கல. அதான விஷயம்? மொகத்தச் சுளிச்சுக்கிட்டே நாலு நாளா எனக்குச் செய்யற. என் மக சுளிக்கல. சாகறதுக்கு முந்தின நாளு நான் வந்து என் கையால தடவிவிட்டேன். அம்மா, எதமா இருக்குன்னா. உன்கிட்டயும் சொன்னா. அந்த ஒரு பேச்ச வச்சுக்கிட்டுத்தான் நான் காலைல எந்திரிக்கிறேன். அவளுக்குச் சேந்தது எனக்குச் சேராதா?”

ஜாரட் வாக்கரை நகர்த்தினான். அவள் பிடியை விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வாக்கரின் ரப்பர்க் கால் எண்ணெயில் வழுக்கி, வாளி கவிழ்ந்தது. சோப்புத் தண்ணீர் எண்ணெய்த் திட்டுகளோடு அவன் கால்சட்டையை நனைத்துக்கொண்டு நாற்காலிக்கடியில் ஓடியது.

அவன் அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

“அவ அப்பிடிச் சொல்லல” என்றான்.

“என்ன?”

“எதமா இருக்குன்னு சொல்லல. நான்தான் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எனக்கு வேற வரல.”

கோரலியின் கை வாக்கரிலிருந்து நழுவியது. வெளியே ஷெரிலின் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

ஜாரட் அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்தான். அவள் தடுக்கவில்லை. காலுறையைச் சுருட்டி விரல்களில் மாட்டினான், பாதம்வழி இழுத்தான், குதிகாலில் சுருக்கமில்லாமல் பொருத்தினான்.

“எல்லாரு முன்னாலயும் சொன்னேன்” என்றாள். “மைக்குல சொன்னேன். நீ அங்க உக்காந்திருந்த.”

“ஆமா.”

“அன்னிக்கு அவ காலுல காலுறை இருந்துச்சா?”

“இல்ல.”

“யாரு கழட்டுனது?”

“நான்.” கெண்டைக்கால்வரை இழுத்தான். “கழட்டச் சொன்னா. கழட்டுனேன். துவைக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். திரும்பி வரதுக்குள்ள குளியலறைல விழுந்துட்டா.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“கட்டி முன்னாலயே ஏறியிருக்கும், காலுறை இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்னு.”

“நீ நம்புறியா?”

“இல்ல. அது இன்னும் என் அலமாரில இருக்கு. வலது பக்கம். துவைக்கல.”

அவள் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகர்ந்துவிட்டு இரவுச் சட்டையில் துடைத்தாள். மறுபடி முகர்ந்தாள். மறுபடி துடைத்தாள், அழுத்தி, தோல் சிவக்கிற மாதிரி.

“எதுக்குக் கழட்டச் சொன்னா?”

ஜாரட் முழங்காலுக்குமேல் காலுறையை இழுத்தான். அவன் தலை குனிந்திருந்தது.

“என்ன சொன்னா ஜாரட்? அவ வாயால சொன்னது. நீ சொன்னது வேணாம்.”

“நல்லா இருக்காது.”

“நல்லா இருக்குறதத்தான பதினஞ்சு மாசமா வச்சுக்கிட்டு இருந்தேன். பெத்தவ கேக்குறேன். சொல்லு.”

காலுறை தொடைவரை ஏறிவிட்டது. விளிம்பை மடிப்பில்லாமல் நீவிவிட்டான். இனிச் செய்ய வேலை எதுவும் இல்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான், டீகன் சொன்ன மாதிரியே.

“‘ச்சீ, அம்மா எண்ணெய் கொமட்டுது ஜாரட். இந்தச் சனியனக் கழட்டிப் போடேன்.’”